வாலில் நடந்த தம்பிக்கு

என் செல்லத் தம்பி தேவாவுக்கு, வரிசையில் எப்போதும் கடைசியாக வந்துவிட்டு, போவதில் மட்டும் எங்களை முந்திக்கொண்டவனுக்கு, அக்கா எழுதுகிறேன்.

சுகமா என்று கேட்கத்தான் கை போகிறது. கேட்டு என்ன செய்ய? இங்கே நாங்கள் இருக்கிறோம். நம் மலையூர் திரிங்காப்பில் மழை விட்டபாடில்லை. உன் மாமாவுக்கு முட்டிவலி. இருந்தாலும் பூப்பெட்டியைத் தன் கையால் லோரியில் ஏற்றினால்தான் அவருக்குத் தூக்கம் வருகிறது. உன் மோட்டார்சைக்கிளைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள், கொடுக்க மாட்டேன் என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அவ்வப்போது மாமா அதை உதைத்து ஓடவிட்டு, சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைக்கிறார்.

இவள் எதற்கு உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன்னைத் திட்டுவதென்றால் ரோட்டில் போகிற லோரிக்காரருக்கும் கேட்கிற மாதிரி திட்டுகிறவள்தானே நான். இப்போது வாயைத் திறந்து உனக்குப் பதில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் அது தொடங்கியது. பூக்கொட்டகையில், சாமந்தி முந்திப் பூத்துவிடாமலிருக்க ராத்திரி விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் உனக்குத் தெரியுமே, மலையிலிருந்து பனி இறங்கிப் பிளாஸ்டிக் கூரைமேல் உட்காருகிற நேரம். கடைசிப் பாத்திக்குப் பின்னால், வேலியைத் தாண்டிக் காடு தொடங்குகிற இடத்திலிருந்து "புஷ்பக்கா" என்று கேட்டது. உன் குரல். கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டேன்.

பிறகு அடிக்கடி கேட்டது. மாமாவுக்குக் கேட்பதில்லை. எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று நானே முடிவுகட்டியிருந்தபோது, பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வந்த நேப்பாளக்காரர் ஒருநாள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அங்கே யாரோ உங்களைக் கூப்பிடுகிறாரே, போகவில்லையா என்று மலாயில் கேட்டார். அவர் உன்னைப் பார்த்ததுகூட இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதோடு சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நீ வாழ்நாளில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் இல்லை. வீட்டுக்கு வரும்போது ரோட்டு முனையிலேயே ஒரு கூவல் கூவுவாய். அதைக் கேட்டு நான் அடுப்பில் தேத்தண்ணி வைப்பேன். ஆஸ்பத்திரியில், எலிக்காய்ச்சல் உன் தலைக்கேறிய அன்றுதான் முதன்முதலாக என் பேர் உன் வாயில் வந்தது. நான் கீழே கோப்பி வாங்கப் போயிருந்தேன். படியேறும்போது "புஷ்பக்கா, புஷ்பக்கா" என்று கேட்டது. ஓடிவந்து உன் கையைப் பிடிப்பதற்குள் நீ நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகு நீ பேசவேயில்லை.

நீ கூப்பிட்டு நான் பதில் கொடுக்காமல் போனது அந்த ஒரு முறைதான். அதே கூப்பாடு, அதே இழுப்போடு, சாயங்காலம் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றால் நான் என்ன ஆவேன், சொல். "இதோ வந்துட்டேன்டா" என்று நாக்கு நுனிவரை வரும். அந்தி நேரத்தில் ஆள் தெரியாமல் பேர் மட்டும் கேட்டால் பதில் கொடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த பயம்தான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. அந்தப் பயமும் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் உன் ஃபாருக் வந்து நின்றான். தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாயின் மகன், இப்போது உன்னைவிட உயரம். மீசை வேறு, பென்சிலால் கோடு போட்டது மாதிரி. வந்தவன் சுற்றிவளைக்கவில்லை. "இந்த வருஷம் யாருக்கா வாலு?" என்றான்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் என் தம்பியும் அவன் கூட்டாளி அலாங்கும் பதின்வயதுப் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். தேயிலைச் சரிவில் ஏறத் தொடங்கி, தோட்டம் முடிந்து பாசிக்காடு வந்து, மலைமுதுகு வழியாகச் சுற்றித் திரும்புகிற பயணம். அலாங் இந்த மலையிலேயே பிறந்த பூர்வகுடி, ஒராங் அஸ்லி. முன்னால் அவர், கடைசியில் தேவா. கடைசியில் நடப்பவருக்கு 'வால்' என்று பேர். நான் சட்டி பானையோடு நடுவில் போவேன், சமையல்காரி.

அந்தப் பயணத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காட்டுக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பேரைக் காட்டில் போட்டுவிட்டு வந்தால் யார் எடுப்பார்கள் என்று தெரியாது என்பான் தேவா. அதற்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தம். திருப்பத்துக்குத் திருப்பம் வரிசை நிற்கும். நான் கரண்டியால் தகரத் தட்டைத் தட்டுவேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் சத்தத்தைக் கொடுப்பார்கள். கடைசியாக வால் கூவும். அதற்குப் 'பெரட்டு' என்று நீதான் பேர் வைத்தாய். தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்தி வைத்துக் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுகிற அதே பெரட்டு.

வாலின் கூவல் அப்பாவுடையது. அப்பா கங்காணியாக இருந்தபோது கொழுந்து நிறுக்க வரச்சொல்லி மலைக்கு மலை கூவுவாரே, நீட்டிக்கொண்டே போய்க் கடைசியில் வெட்டி நிறுத்துவது. அதைத்தான் நீ காட்டிலும் கூவினாய், வீட்டு முனையிலும் கூவினாய்.

ஃபாருக்கோடு சேர்த்து ஏழு பிள்ளைகள் முதல் வருஷம் வந்தது நினைவிருக்கிறதா? ஃபாருக் அப்போதே வாய்ச்சவடால். அவன் சத்தம் "தே ஒண்ணு", அவன் அப்பா கடையில் தேத்தண்ணி கேட்டு அடுப்படிக்குக் கத்துகிற அதே தொண்டை. ஈப்போவிலிருந்து வந்த ஹரிஷ் அட்டை கடித்ததற்கு அம்மாவைக் கேட்டு அழுதான். அவன் சத்தம் லோரி பின்னால் வரும்போது அடிக்கிற பீப். கிள்ளான் பெண் யாழினி மூன்று நாள் வாயே திறக்கவில்லை. பாசி மூடி விழுந்துகிடக்கும் அந்தப் பெரிய மரத்தின்மேல் நீ அவளை உட்காரவைத்தாய். சத்தம் வராவிட்டால் சோறு இல்லை என்று மிரட்டிவிட்டு, அவளோடு நீயும் சோறில்லாமல் உட்கார்ந்திருந்தாய். கடைசியில் "ஊ... ஊ?" என்றாள், யாரையோ சந்தேகம் கேட்கிற மாதிரி. இரண்டாவது ஊவில் குரல் உடைந்தது. நீ கைதட்டிய தட்டலில் பறவையெல்லாம் பறந்தது.

அடுத்த வருஷம் வந்தபோது ஒருவர் பையை ஒருவர் தூக்கினார்கள். யாருக்கு எப்போது கால் வலிக்கும், யார் பசியைச் சொல்ல மாட்டார்கள், எல்லாம் அவர்களுக்கே தெரிந்திருந்தது. நீ சும்மா இருந்தாயா? அப்பா காலத்துப் பெரட்டுக் கதையைச் சொன்னாய். படுக்கையைவிட்டு எழுந்திருக்காத கூட்டாளிக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரலை மாற்றி "வந்துட்டேன்" என்று கொடுப்பானே, கிராணியும் தலையாட்டுவாரே, அதை நடித்தே காட்டினாய். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒருவர் சத்தத்தை ஒருவர் பழகினார்கள். ஹரிஷ் அதில் மன்னன். கண்ணை மூடிக்கொண்டால் யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்த ஏழு பேரும்தான் இந்த வருஷமும் போவது என்று தங்களுக்குள் பேசி முடித்திருந்தார்கள். அலாங் சம்மதித்துவிட்டார். நான் கூடப்போனால்தான் அனுப்புவோம் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்களாம். பிள்ளைகளுக்காக ஒத்துக்கொண்டேன் என்று ஊரில் சொன்னேன். உன்னிடம் சொல்வதற்கென்ன, உன் குரலைத் தேடித்தான் போனேன். வேலிக்கு வெளியே நின்று கூப்பிடுகிறவன் காட்டுக்குள் இன்னும் பக்கத்தில் இருப்பான் என்று நினைத்தேன். அங்கே கேட்டால் பதில் கொடுத்துவிடுவது, அம்மா சொன்னதாவது ஆட்டுக்குட்டியாவது என்று முடிவு செய்துகொண்டுதான் பையைக் கட்டினேன்.

தேயிலைக்குள் ஏறினோம். இயந்திரத்தால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த பங்களாதேஷ் ஆட்கள் கையாட்டினார்கள். வாலாக நடப்பதைப் பிள்ளைகள் முறைபோட்டுக்கொண்டார்கள், உங்களுக்கு வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். முதல் திருப்பத்தில் அப்பாவின் கூவல் ஃபாருக் வாயிலிருந்து வந்தபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

காட்டுக்குள் நுழைந்த அன்றே நான் ஒரு கோளாறு செய்தேன். தூறல் போட்டது, பழக்கதோஷத்தில் "யாழினி, தொப்பிய போடுலா" என்று கத்திவிட்டேன். எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஹரிஷ்தான் முதலில் சிரித்தான், இன்றைக்கு அக்காவுக்குச் சோறு இல்லை என்றான். அலாங் சிரிக்கவில்லை. இடப்பக்கத்துப் பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்.

கூடாரம் போட்ட இடத்தில் உன் குரலுக்காகக் காது கொடுத்தபடியே கிடந்தேன். ஆற்றுச் சத்தம்தான் கேட்டது. நீ வரவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

திரும்பி வருகிற அன்று மத்தியானம், மலைமுதுகில் பனி ஏறியது. எனக்கு முன்னால் நடக்கிற பிள்ளையின் முதுகுப் பை தெரிந்தது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. விழுந்த மரத்தைத் தாண்டினோம். ஒரு திருப்பத்தில் தட்டைத் தட்டினேன். எல்லாச் சத்தமும் வந்தது. வாலும் கூவியது. அடுத்த திருப்பத்திலும் அப்படியே. காடு முடிந்து தேயிலை தொடங்க இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது காற்றடித்துப் பனி சற்று விலகியது. அப்போதுதான் முகங்களைப் பார்த்தேன். யாழினி இல்லை.

எங்கே அவள் என்று கேட்டேன். ஹரிஷின் முகம் சாம்பலாகிவிட்டது. அவன்தான் அப்போது வாலாக இருக்க வேண்டியவன். விழுந்த மரத்தடியில் அவள் கொஞ்ச நேரம் தனியாக உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வாலாக நான் வருகிறேன், நீ எனக்கும் சேர்த்துப் பதில் கொடு, பின்னாலேயே வந்துவிடுவேன் என்றிருக்கிறாள். இரண்டு திருப்பத்திலும் அவள் சத்தத்தையும் வாலின் கூவலையும் ஹரிஷே கொடுத்திருக்கிறான்.

"அவ அழணும்னு சொன்னாக்கா. நம்ம முன்னாடி அவளுக்கு அழ வராதாம்."

கன்னத்தில் ஒன்று விடலாம் என்று கை ஓங்கிவிட்டது. யாரை அடிப்பது? கதை சொல்லிக் கொடுத்தவனை அல்லவா அடிக்க வேண்டும்? நீயோ கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறாய். எல்லோரையும் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஓடினோம். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பேர் சொல்லிக் கத்த நான் வாயைத் திறந்ததும் ஃபாருக் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "பேரு வேணாக்கா" என்றான், கெஞ்சுகிற குரலில். தட்டைத் தட்டினேன்.

"ஊ... ஊ?"

இடப்பக்கத்துப் பள்ளத்திலிருந்து, வெகு கீழேயிருந்து வந்தது. அவள் சத்தம். விழுந்துவிட்டாள் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். ஃபாருக் பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு காலைச் சரிவில் வைத்தே விட்டான். அலாங் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். கீழே பாறையும் தண்ணீரும்தான், கயிறு இல்லாமல் இறங்கினால் ஏற முடியாது என்றார். மறுபடி தட்டினேன். மறுபடி அதே "ஊ... ஊ?"

அப்போதுதான் மேலேயிருந்து, மலைமுதுகின் அந்தக் கோடியிலிருந்து அப்பாவின் கூவல் கேட்டது. நீட்டிக்கொண்டே வந்து, வெட்டி நின்றது.

தேவா, அது எனக்குத் தெரியாதா? பேர் சொல்லிக் கூப்பிட்ட உன் குரல் அல்ல, வீட்டு முனையில் கேட்கிற உன் கூவல். நான் அடுப்பில் தண்ணீர் வைக்கிற கூவல். கீழே உயிரோடு இருக்கும் பெண்ணின் சத்தம், மேலே செத்துப்போன தம்பியின் சத்தம். புத்தியுள்ள எந்த மனுஷியும் கீழே கேட்ட குரலுக்குத்தான் போவாள். எப்படியாவது இறங்குவோம், கொடிகளை முடிச்சுப் போடுங்கள் என்று அலாங்கிடம் சொல்லியும்விட்டேன்.

"வேணாக்கா. அது அவ இல்ல."

ஹரிஷ்.

"அது நானு. நான் அவள மாதிரி கூவுன சத்தம் அது. அவளுக்கு ரெண்டாவது ஊ உடையும். எனக்கு அத உடைக்க வராது, நேரா ஏத்திடுவேன். கேளுங்களேன், உடையல."

கேட்டோம். உடையவில்லை. பக்கத்தில் ஹரிஷ் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறான், அவன் சத்தம் பள்ளத்திலிருந்து வருகிறது. ஒரே அளவு, ஒரே ஏற்றம். எத்தனை தடவை வந்தாலும் களைப்பே இல்லை. மூன்று வருஷமாக அவள் குரலுக்குப் பக்கத்திலேயே நடந்தவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிந்திருக்காது. நான் இறக்கிவிட்டிருப்பேன் எல்லாப் பிள்ளைகளையும்.

பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே நடந்தோம். ஒருவர் பைவாரை ஒருவர் பிடித்துக்கொண்டோம். பின்னால் அது நிறுத்தவில்லை. நாங்கள் தூரமாகப் போகப் போக வேறு சத்தங்களும் வந்தன. பீப் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பாறைகளுக்கு நடுவிலிருந்து, ஒரு தொண்டை "தே ஒண்ணு" என்றது. ஃபாருக் முந்தானையைப் பிடிக்கிற மாதிரி என் மழைச்சட்டையைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு உயரமான பையன்.

நான் என்ன நினைத்துக்கொண்டு நடந்தேன் தெரியுமா? வெட்கமாகத்தான் இருக்கிறது. காணாமல் போன பெண்ணை நினைக்கவில்லை. மேலே நீ நிற்கிறாய், உன் பச்சைச் சட்டையோடு, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய் என்றுதான் நினைத்தேன். கூவல் நெருங்க நெருங்க எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னைத் திட்டுவதற்கு வார்த்தைகூட சேர்த்து வைத்திருந்தேன்.

விழுந்த மரத்தின்மேல் யாழினி உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தொண்டை கட்டிப்போன குரலில் அப்பாவின் கூவலைக் கூவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவள் வாயிலிருந்து வருவதைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். பிள்ளை கிடைத்த சந்தோஷமும், நீ இல்லை என்கிற துக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் அழுகை எப்படி வரும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் சத்தத்தைக் கூவாமல் ஏன் வாலைக் கூவினாய் என்று கேட்டேன்.

"நாந்தானேக்கா கடைசி" என்றாள். அவளுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கடைசியில் இருப்பவர் வால், வால் இப்படித்தான் கூவ வேண்டும், நீ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாய்.

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஏன் கீழேருந்து என்னைப் பேரு சொல்லி கூப்ட்டீங்க? ஒரே மாதிரி, நெறைய தடவ கூப்ட்டீங்க."

நான் கூப்பிடவே இல்லை. நீ ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"காட்டுல நம்ம ஆளுங்க யாரும் பேரு சொல்லி கூப்பிட மாட்டாங்கன்னு அண்ணன் சொல்லியிருக்காருல்ல."

இருட்டு கட்டுவதற்குள் தேயிலைக்கு இறங்கிவிட்டோம். பள்ளத்தைத் தாண்டும்போது ஒரு சத்தமும் இல்லை, தண்ணீர்ச் சத்தம்கூட. தோட்டத்து லைன் வீடுகளில் விளக்கு தெரிந்ததும் பிள்ளைகள் ஏழு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். யாழினியும்தான், அவர்கள் முன்னாடியே. அலாங் என் பக்கம் வந்து, நாம் கொடுத்ததைத்தான் அது வைத்திருந்தது என்று மலாயில் சொன்னார்.

அதைத்தான் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். தொப்பி போடச் சொல்லி நான்தான் அவள் பேரைக் கொடுத்தேன். அவள் இல்லாத இடத்தில் அவள் இருப்பதாக ஹரிஷ்தான் சத்தம் கொடுத்தான். ஆள் இல்லாத இடத்துக்குப் பதில் மட்டும் போனால், அந்த இடத்தில் வந்து நிற்க ஏதோ ஒன்று தயாராக இருக்கிறது. நம் அப்பா காலத்துப் பெரட்டில் அந்தப் பொய்ப் பதில் ஒரு நாள் கூலியோடு போயிற்று. காட்டில் அப்படிப் போகாது.

மறுநாள் சாயங்காலம் சாமந்திக்கு விளக்குப் போட்டுவிட்டு வேலி ஓரம் போய் நின்றேன். பனி இறங்கியது. "புஷ்பக்கா" என்று வந்தது. நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை மூச்சை இழுத்து அப்பாவின் கூவலைக் கூவினேன். நீயாக இருந்தால் திருப்பிக் கூவாமல் இருக்க மாட்டாய். தூக்கத்தில் கேட்டால்கூடத் திருப்பிக் கூவுகிறவன் நீ.

காத்திருந்தேன்.

"புஷ்பக்கா" என்றது. ஆஸ்பத்திரிப் படியில் நான் கேட்ட அதே நீளம், அதே காய்ச்சல். மறுபடி கூவினேன். மறுபடியும் அதே. உடையவில்லை, களைக்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியேயும் பனிதானே இறங்கியிருந்தது, தேவா? ஜன்னல் திறந்திருந்ததா? எனக்கு நினைவில்லை.

அங்கேயே பாத்தியில் உட்கார்ந்து அழுதேன். உன் சாவுக்கு நான் அழவில்லை என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்களே, அன்றைக்குச் சேர்த்துவைத்து அழுதேன். அதுவரை நீ வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாய். அன்றைக்குத்தான் எங்கேயும் இல்லாமல் போனாய். மாமா வந்து தூக்கி நிறுத்தினார். பிறகு விளக்கைச் சரிபார்த்தார்.

இன்னும் கூப்பிடுகிறது. இதை எழுதும்போதுகூடக் கேட்கிறது. நான் போக மாட்டேன். சில நேரம் மட்டும் ஒரு சந்தேகம் வருகிறது. காய்ச்சலில் இருப்பவனுக்குக் கூவத் தெரியாமல் போயிருக்குமோ? இன்னும் காய்ச்சல் இறங்காமல் நீயேதான் அங்கே நிற்கிறாயோ? அப்படியும் இருக்கலாம் அல்லவா? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் குரல் யார் கைக்கும் போகாமல், உனக்கு மட்டும் போகட்டும் என்று எழுத்தில் கொடுக்கிறேன்.

வந்துட்டேன்டா தம்பி. இங்கதான் இருக்கேன். கோப்பி வாங்கத்தான் போனேன். நீ தூங்கு.

சொல்லிவிட்டேன். இனி அந்தக் கூப்பாட்டுக்கு என்னிடம் பாக்கி இல்லை.

பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். யாழினி வாரம்தோறும் போன் செய்கிறாள், உன்னைவிட அதிகம் பேசுகிறாள். ஃபாருக் கடையில் "தே ஒண்ணு" என்று கத்துவதில்லை, அடுப்படிக்கு நடந்தே போய்ச் சொல்கிறான், பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஹரிஷின் வகுப்பில் வராத கூட்டாளி ஒருவன், பேர் கூப்பிடும்போது தனக்காகக் குரல் கொடுக்கச் சொன்னானாம். மாட்டேன், நீயே வந்து சொல்லு என்றானாம். அதனால் சண்டை. எனக்குச் சொல்லும்போது அவன் குரல் பெரிய ஆளின் குரல் மாதிரி இருந்தது.

அடுத்த விடுமுறைக்கும் போகிறோம். அதே ஏழு பேர். இந்த முறை வாலில் நான் நடப்பேன், என் முட்டியும் எக்கேடாவது கெடட்டும். பிள்ளைகளே பேசி ஒன்று முடிவு செய்திருக்கிறார்கள், எனக்கும் சம்மதம். திருப்பத்துக்குத் திருப்பம் எல்லோரும் சத்தம் கொடுத்து, நானும் கூவி முடித்த பிறகு, அலாங் உடனே நடக்க மாட்டார். ஒரு மூச்சு நேரம் எல்லோரும் வாயை மூடி நிற்போம். அது உன் இடம். ஹரிஷுக்கு உன் குரல் அச்சாக வரும், ஆனாலும் கொடுக்க மாட்டான். ஒருவரும் கொடுக்க மாட்டோம். காடு கொடுத்தாலும் வாங்க மாட்டோம். நான் உயிரோடு நடக்கிறவரை உன் இடத்தைக் காலியாகவே வைத்திருப்பேன், தேவா. இது சத்தியம்.

பேர் போடவில்லை, போடாவிட்டாலும் உனக்குத் தெரியும்.

உனக்கு முன்னால் பிறந்து, இனி உன் வாலில் நடக்கப்போகும்
உன் அக்கா